டீச்சர் வீட்டு வாசல்

"ஹலோ... ஆ, டீச்சர், சொல்லுங்க சொல்லுங்க... ஆமா ஆமா, நானே உங்களைக் கூப்பிடணும்னுதான் போனைக் கையில எடுத்தேன்... இல்ல டீச்சர், ஒரு நிமிஷம், நான் முதல்ல சொல்லிடறேன். அந்தக் கைப்பிடிக் கம்பிதான். கடைக்காரன் இழுத்தடிச்சுக்கிட்டே இருக்கான்... ஆமா... ஆமா... அது வராம சரிவுக்குக் காங்கிரீட் போட முடியாதில்லையா, கம்பியோட காலை உள்ள இறக்கித்தானே போடணும்?... கேளுங்க டீச்சர், நாளைக்கு வந்துரும். வந்த கையோட ஆள் அனுப்பிடறேன்... நாளைக்கு மத்தியானம்னு வெச்சுக்கங்களேன்..."

இதையெல்லாம் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். பதினாறு நாள் பழக்கம். எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பாதியைச் சொல்லி முடித்துவிட வேண்டும், பேச ஆரம்பிக்க விட்டால் பதில் சொல்ல வேண்டி வரும் என்பது அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

தொழில் என்றால் பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. அவள் புருஷன் கொத்தனார். எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். அவன் தம்பி தச்சு வேலை. பழைய வீட்டை இடித்துக் கட்டுவது, ஒழுகுகிற கூரையைச் சரி செய்வது, குளியலறையைப் பெரிதாக்குவது என்று வருகிற வேலையையெல்லாம் எடுப்பார்கள். சாமான் வாங்குவது, ஆளை அனுப்புவது, போன் பேசுவது அவள் பொறுப்பு. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, சுவரோரம் பெயின்ட் டப்பாக்கள், வீட்டுக்காரர்களின் சாவிகள் தொங்குகிற ஒரு ஆணிப்பலகை. அதுதான் ஆபீஸ். வேலையாட்கள் அவளை ஆபீஸ் அக்கா என்பார்கள். கொழுந்தன் மட்டும் அவள் காதுபடவே 'நாளைக்கு அண்ணி' என்பான். அவளும் சிரிப்பாள்.

கைப்பிடிக் கம்பி கடையில் இல்லை. அந்த மேசைக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சுற்றிய காகிதம் கூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நின்றது. வந்து இரண்டு வாரம் ஆகிறது.

வேலையாள்தான் இல்லை. டீச்சர் வீட்டு வேலையைத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு மாடி வீட்டு வேலை வந்தது. அந்த வீட்டுக்காரர் எதற்கும் சத்தம் போடுகிறவர். ஒரு நாள் ஆள் குறைந்தால் போனில் அவர் குரல் சமையலறை வரைக்கும் கேட்கும். டீச்சர் அப்படி இல்லை. "முடியும்போது பாருங்கம்மா" என்பதுபோலப் பேசுவார். அதனால் இரண்டு கொத்தனாரும் தச்சனும் மாடி வீட்டுக்குப் போனார்கள். சத்தம் போடாதவர்களின் வேலை பின்னால் தள்ளிப்போவது இந்தத் தொழிலில் யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. அதுவாக நடக்கும்.

"...ம்? இல்ல டீச்சர், குளியலறைக் கதவு அகலப்படுத்தறது அரை நாள் வேலைதான், அதையும் அன்னிக்கே முடிச்சுடலாம்... சரி, சாருக்கு எப்படி இருக்கு? எப்போ ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பறாங்களாம்?... என்ன டீச்சர்?... சரியாக் கேக்கலை..."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"...எப்போ?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"...இன்னிக்குக் காலையிலயா... அய்யோ... அய்யோ டீச்சர்... நேத்து நல்லாப் பேசினாருன்னு சொன்னீங்களே... ம்... ம்... தூக்கத்துலயேவா... நீங்க பக்கத்துல... கீழே டீ வாங்கப் போயிருந்தீங்களா... இல்ல டீச்சர், அப்படி நினைக்காதீங்க. பத்து நிமிஷம்தானே போனீங்க... ம்... ம்... அழாதீங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்... ம்..."

டீச்சரின் கணவர் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார வைக்கலாம், வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டு வாசலில் ஐந்து படி இருக்கிறதே, அதை எடுத்துவிட்டுச் சரிவாகப் போட்டால்தான் கூட்டிப்போக முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் டீச்சர் இவர்களைத் தேடி வந்தார். பத்து நாள் வேலை என்று சொன்னவள் இவள்தான்.

"...சொல்லுங்க டீச்சர். என்ன வேணும்னாலும் சொல்லுங்க... தொந்தரவா? என்ன பேச்சு பேசறீங்க... சொல்லுங்க... ம்... மூணு மணிக்கா. வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க. சரி... ஆமா... ஆமா டீச்சர், வாசல்..."

அந்த வாசல் அவள் கண் முன்னால் வந்து நின்றது. முதல் நாளே மேஸ்திரி சம்மட்டியைத் தூக்கி ஐந்து படியையும் உடைத்துப் போட்டிருந்தான். உடைப்பதை எப்போதும் முதல் நாளே செய்துவிடுவார்கள். உடைத்துவிட்டால் வேலை நம்முடையது, வீட்டுக்காரர் வேறு யாரிடமும் போக முடியாது. இப்போது அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றி உடைந்த செங்கல், நிலைப்படி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். ஒற்றைப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் ஆன டீச்சர் இத்தனை நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையில்தான் ஏறி இறங்கினார், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு.

"...பின்பக்கம்? ம்... ஆமா, அந்தச் சந்துல திரும்பவே முடியாது. நாங்களே அளந்து பார்த்தோம்... ஆமா... நாலு பேர் தூக்கிட்டு... ம்... இல்ல டீச்சர், அப்படியெல்லாம் தெருவுல வைக்க வேண்டாம். அவர் வீட்டுக்குள்ளதான் வருவாரு. முன்வாசல் வழியாத்தான் வருவாரு... கல்லை மட்டும் ஒதுக்கினா போதாது. வழி போட்டுத் தர்றோம். நாலு பேர் நேரா நடந்து உள்ள போற மாதிரி... ம்... முடியும். மூணு மணிக்குள்ள முடியும்... உங்ககிட்ட சாவி இருக்கட்டும், எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. நீங்க அங்க இருங்க. இங்க எதையும் நினைக்காதீங்க... ம்? என்ன டீச்சர்?..."

டீச்சர் அப்போது சொன்னதைக் கேட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"...இல்ல... நீங்க எங்களை ஒண்ணும் சொல்லலைதான், ஆனா... ம்... கம்பி... ஆமா... நேரத்துக்கு வந்திருந்தா... ம்... சரிங்க டீச்சர். வெச்சிடறேன்... இல்ல, நீங்க வைங்க முதல்ல... சரி..."

அந்த அழுகைக்கு நடுவிலும் டீச்சர் அவளுக்குத்தான் ஆறுதல் சொல்லியிருந்தார்: நீங்கள் என்ன செய்வீர்கள், கடைக்காரன் செய்த வேலைக்கு.

அவள் எதிரே நின்ற கம்பிகளைப் பார்க்காமல் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

"என்னங்க... கையில இருக்கறதைக் கீழ வைங்க... வைங்க முதல்ல... டீச்சர் வீட்டு சார் போயிட்டாரு... ஹலோ?... இருக்கீங்களா?... ம்... காலையில... ம்... அதைப் பத்தி இப்போ பேச வேண்டாம். கேளுங்க. மூணு மணிக்குக் கொண்டு வர்றாங்க. வாசல் எப்படிக் கிடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்... காங்கிரீட்டா? எங்க காயும்? மரத்துலதான். தம்பிகிட்ட சொல்லுங்க, அங்க கட்டியிருக்கிற சாரத்தை அவிழ்க்கச் சொல்லுங்க. பலகை எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க... மாடி வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?... கத்தினா கத்தட்டும்... கொடுங்க அவர்கிட்ட, நான் பேசறேன்... ஆ, சார்... இல்ல சார்... முடியாது சார்... இன்னிக்கு ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க... ஆமா, சாரத்தையும் எடுத்துட்டுத்தான் வர்றாங்க... கொடுங்க சார். வேற ஆளுக்கே கொடுங்க. தாராளமாக் கொடுங்க."

போனை வைத்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதினாறு நாளாக வாயில் வராத 'முடியாது' வருவதற்கு அரை நிமிஷம் கூட ஆகவில்லை. அந்த மனிதர் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கிப்போனார். அவ்வளவுதான் அவர்.

பதினோரு மணிக்கு எல்லாரும் டீச்சர் வீட்டு வாசலில் இருந்தார்கள். அவளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு செங்கல் அள்ளினாள். வழக்கமாகக் கொழுந்தன் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்காமல் இருக்காது. அன்றைக்கு அவன் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு அறுத்தான், அடித்தான். கேட்டிலிருந்து நிலைப்படி வரைக்கும் கால்கள் நட்டு, குறுக்குக் கட்டை கொடுத்து, மேலே சாரப் பலகைகளை நெருக்கி அடுக்கினார்கள். தூக்கி வருகிறவர்களுக்குக் கால் வழுக்கக்கூடாதென்று முழத்துக்கு ஒரு பட்டிக்கட்டை அடித்தான். இரண்டு மணிக்கு ஆறு பேரை ஏற்றி நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் ஒரு இடம் லேசாக அமுங்கியது. இன்னொரு கால் கொடுக்க நீளமான மரம் இல்லை. மேஸ்திரி குனிந்து பார்த்தான்.

"அண்ணே, கல்லு அடுக்கி முட்டுக் கொடுக்கவா?" என்றான் தம்பி.

"கல்லு நகரும். நான் பார்த்துக்கறேன், நீ மேல பாரு."

மூன்று மணிக்கு வண்டி வந்தது. தெரு ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சாருடைய பழைய கூட்டாளிகள், பஸ் ஓட்டியவர்கள், நான்கு பேர் தூக்கிக்கொண்டு மெதுவாக ஏறினார்கள். அப்போதுதான் அவள் கவனித்தாள். பள்ளத்துக்குள், பலகைக்கு அடியில், மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த அமுங்குகிற இடத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தான். நான்கு பேரும், நடுவில் அவரும், அவன் தோளின் மேல் போனார்கள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தான். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

பலகை ஒரு சத்தம் போடவில்லை.

உள்ளே போகும்போது டீச்சர் நின்று அவள் கையைப் பிடித்தார். கூட வந்த உறவுக்காரரிடம் இவர்களைப் பற்றி ஏதோ நல்லதாகவே சொன்னார். அவள் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து அவள் தினமும் டீச்சரின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். "நீ சொல்லித்தானே அங்க போனோம்" என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், கொஞ்சம் லேசாகியிருக்கும். அவன் சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு டீச்சரே கூப்பிட்டார்.

"ஹலோ... டீச்சர்... சொல்லுங்க... சாப்பிட்டீங்களா?... வந்தவங்கல்லாம் கிளம்பிட்டாங்களா... ம்... வீடு ஒரு மாதிரி இருக்கும், ஆமா... இல்ல இல்ல, வேலையா இல்ல, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்... வாசல்தான், ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன். இனிமே சரிவு வேண்டாமில்லையா... ம்... பழைய மாதிரி படியே கட்டிடலாம்... ம்... அஞ்சு படியை ஏழு படியாப் பிரிச்சுக் கட்டினா உயரம் குறையும், உங்க முட்டிக்கு நல்லது... சரி... சரி டீச்சர்..."

இத்தோடு போனை வைத்திருக்கலாம். டீச்சர் வைக்கத்தான் போனார்.

"...டீச்சர், வெச்சிடாதீங்க. ஒண்ணு சொல்லணும்... இல்ல, சொல்லிடறேன், குறுக்க எதுவும் சொல்லாம கேளுங்க. சொல்லலைன்னா என்னால இந்த மேசையில உட்கார முடியாது... கம்பி வந்துருச்சு டீச்சர்... இப்போ இல்ல. அப்பவே. நீங்க வேலை கொடுத்த வாரமே வந்துருச்சு. இங்கதான் இருந்துச்சு, நான் தினமும் உங்ககிட்ட பேசறப்போ என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு... கடைக்காரன் மேல தப்பே இல்ல. ஆளுங்களை நான் வேற வீட்டுக்கு அனுப்பினேன். அவங்க கத்தினாங்க, நீங்க கத்தலை. அதனாலதான். வேற ஒரு காரணமும் இல்ல... பத்து நாள்னு சொன்னாலும் நாலு நாள் வேலைதான் டீச்சர். நாலே நாள். செஞ்சிருந்தா சார் அவர் வீட்டுக்கு வந்து... அவர் கட்டில்ல படுத்து..."

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"...டீச்சர்?... இருக்கீங்களா?... திட்டுங்க டீச்சர், தாராளமா... ம்?... என்ன?... புரியலை..."

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"...பயமா? உங்களுக்கா? எதுக்கு டீச்சர் பயம்?... ம்... தனியா எப்படித் தூக்கறது... ஆமா, உங்க உடம்புக்கு... ம்... புரட்டிப் படுக்க வைக்க... ராத்திரி ஏதாவது ஆயிட்டா யாரைக் கூப்பிடறது... ம்... ம்... ஆமா, பயமாத்தான் இருக்கும். யாருக்கும் இருக்கும்... சொல்லுங்க... ம்... நான் போன்ல நாளைக்குன்னு சொல்றப்போல்லாம்..."

அவள் நிறுத்தினாள். அடுத்ததை வாய்விட்டுச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

"...உங்களுக்கு அப்பாடான்னு இருந்துச்சா?"

அவள் தலையை ஆட்டினாள், டீச்சர் கண்ணுக்கு அது தெரியும் என்பதுபோல.

"...இல்ல... இல்ல டீச்சர், அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல. நீங்க பயந்தீங்க. நான் பொய் சொன்னேன்... இல்ல, நீங்க தெரிஞ்சேதான் கத்தாம இருந்தீங்கன்னு எனக்காகச் சொல்ல வேண்டாம்... உண்மையாவா... ம்... ம்... யார்கிட்டயும் சொல்லலையா இதை?... ம்... அழுங்க... நான் யார்கிட்ட சொல்லப்போறேன்..."

டீச்சர் அழுது முடிக்கட்டும் என்று அவள் இருந்தாள். அவள் கன்னத்திலும் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. தன் பாரத்தில் பாதியை அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவரிடமும் தன்னைப் போலவே ஒரு பாரம் இருந்தது என்பது மட்டும்தான் தெரிந்தது. அப்படியும் மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது.

"...சார் கேப்பாரா டீச்சர்? வீடு ரெடியான்னு?... தினமுமா... ம்... நீங்க என்ன சொல்லுவீங்க?... 'கம்பி வரலை'ன்னா... நான் சொன்னதையேவா... ம்... கோவப்படுவாரா?... இல்லையா... என்ன சொல்லுவாரு?... பஸ்ஸா?... ஹா... காத்துக்கிட்டு நிக்கிறவனுக்குத்தான் பஸ் லேட்டு, ஓட்டறவனுக்கு எப்பவும் நேரத்துக்குத்தான் போகுதுன்னா... வாய் கோணிப்போயும் அந்தப் பேச்சா அவருக்கு... ம்... நர்ஸ் எல்லாம் சிரிப்பாங்களா... நீங்க சிரிக்கிறீங்களா டீச்சர், அழறீங்களா?... ரெண்டுமா... எனக்கும்..."

வாசலில் மேஸ்திரி வந்து நின்றான். யார் என்று கையால் கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றான். வெளியே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் "அண்ணே" என்று கூப்பிட்டதற்கும் அவன் நகரவில்லை.

"...ம்... இல்ல டீச்சர், இன்னிக்கே வர்றோம். வண்டி நிக்குது... வேண்டாமா? ஏன்?... ம்... பலகை அப்படியே இருக்கட்டுமா?... அது மழை பெஞ்சா வழுக்கும் டீச்சர், நீங்க தனியா வேற... ம்... ஓ... அது வழியாத்தான் சார் உள்ள வந்தாருன்னா... ம்... சரி. சரி, எடுக்கலை. யாரும் கை வைக்க மாட்டாங்க. நீங்க போதும்னு சொல்ற அன்னிக்கு வர்றோம். ஆனா நடுவுல ஒரு இடம் அமுங்கும், அதுக்கு மட்டும் ஒரு கால் கொடுத்துட்டுப் போகட்டும் அவரு, சத்தம் கூடப் போட மாட்டாரு... அப்படியா... சரி... நானும் வர்றேன். வேலைக்கு இல்ல, சும்மா... உங்ககூட உட்கார்ந்திருக்க... ம்... வரலாமில்லையா?..."

டீச்சர் வரச் சொன்னார்.

"...வைக்கட்டுமா டீச்சர்?... சரி, வைக்கலை... ம்... இருக்கேன்... பேச வேண்டாம், சும்மா இருங்க... நான் இங்கதான் இருக்கேன்..."

மேசைமேல் இருந்த இன்னொரு போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மேஸ்திரி வந்து அதை எடுத்து அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் காதில் டீச்சர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது, தூரத்தில் யாரோ குழாயைத் திறந்து மூடுவது கேட்டது, டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"...ம்... ம்... ஹலோ?... டீச்சர்?..."

அந்தப் பக்கம் டீச்சர் போனை வைத்துவிட்டார்.